காட்டுக்கோழிக்குப் பெயர் தந்த பிரெஞ்சுக்காரர்!



தவளக்குப்பத்தில் எங்க வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். கென்யா நாட்டின் மசாய் மாரா காடு. ஒரு ஜீப்பில் நாலைந்து ஓவியர்கள். கையில் கேமராவும் வரையும் நோட்டும். சிங்கம் படுத்திருக்கிற விதம், யானை காதை விசிறுகிற விதம் எல்லாவற்றையும் அங்கேயே கிறுக்கிக்கொண்டு, ஊருக்குப் போய்ப் பெரிய ஓவியமாகத் தீட்டுவார்களாம். கொடுத்து வைத்தவங்க என்று பெருமூச்சு விட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஜீப்பும் கேமராவும் இல்லாத காலத்திலேயே இதே வேலையைச் செய்த ஒருவர் நம்ம புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார் என்று!

அவர் பெயர் பியேர் சொன்னெரா. 1748-இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். 1768-இல் கப்பலேறி மொரீஷியஸ் தீவுக்குப் போனார். அன்று அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. தீவை நிர்வகித்த பியேர் புவாவ்ர் இவருக்கு உறவு. அங்கே கொமெர்சோன் என்ற தாவரவியல் அறிஞருக்குப் படம் வரைந்து கொடுத்தே சொன்னெரா தொழிலைக் கற்றுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் ஒரு பறவையை வரைய வேண்டுமானால் லேசான வேலையா? அதைச் சுட்டுப் பிடித்து, தோலை உரித்துப் பதப்படுத்தி, நிறம் மங்குவதற்குள் வரைய வேண்டும். உயிரோடு கிடைத்தால் அதிர்ஷ்டம்! அப்படி ஒரு அதிர்ஷ்டம் அவருக்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கரில் அடித்தது. ஐ-ஐ என்ற விசித்திரமான விலங்கில் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி கிடைத்தது. சோறு போட்டு வளர்த்தார். மெலிந்த விரல்களைச் சீனர்கள் குச்சியைப் பயன்படுத்துவது போலப் பயன்படுத்தி அவை சோறு தின்றதைக் கவனித்து எழுதினார். பாவம், இரண்டு மாதந்தான் இருந்தன. கிட்ட இருந்து பார்த்தவனுக்குத்தானே இந்த விரல் விஷயம் தெரியும்?

1774-லிருந்து 1781 வரை இந்தியா, சீனா என்று சுற்றினார். 1782-இல் பாரிஸில் இரண்டு தொகுதிகளாகப் புத்தகம் வந்தது. மொத்தம் 140 படங்கள். நம்ம ஊர் மக்கள், தெய்வ உருவங்கள், கைத்தொழில்கள், பறவைகள் எல்லாம் அதில் உண்டு.

இவ்வளவு பெரிய மனிதர் ஒரு தப்பும் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். பிலிப்பைன்ஸ், மொலுக்காஸ் தீவுகளுக்குப் போய் வந்த பிறகு, 1776-இல் நியூ கினி பயணம் என்று ஒரு புத்தகம் போட்டார். ஆனால் நியூ கினி மண்ணை அவர் மிதிக்கவே இல்லை! அதில் ஆஸ்திரேலியாவின் கூக்கபரா பறவையையும் பெங்குவின்களையும் நியூ கினிப் பறவைகள் என்று வரைந்து வைத்தார். கூக்கபராவின் தோல், கேப்டன் குக்கோடு போன ஆய்வாளர்களிடமிருந்து கிடைத்திருக்கலாம் என்பது அறிஞர்கள் கருத்து. அந்தப் படத்தை நம்பி 1783-இல் அந்தப் பறவைக்கு நியூ கினி என்ற பெயரையே சூட்டினார்கள். முதலில் வைத்த பெயர் ஊர் தப்பானாலும் மாறாது என்பது அறிவியல் விதி. இன்றுவரை அதன் பெயர் டேசெலோ நோவேகினியே. நியூ கினியில் அந்தப் பறவையே கிடையாது!

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நானும் ஒரு சொன்னெராதான். இரண்டாம் ஆண்டில் வொர்க்‌ஷாப்பில் இருக்கும் லேத்தின் டெயில்ஸ்டாக்கை அளந்து வரையச் சொன்னார்கள். நான் லேத் பக்கமே போகவில்லை. சீனியர் அண்ணனின் ஷீட்டை வாங்கி அப்படியே வரைந்தேன். பூட்டுகிற லீவரை அவர் தப்பான பக்கத்தில் போட்டிருந்தார். நானும் போட்டேன். என் ஷீட்டைப் பார்த்து இன்னும் மூன்று பேர் போட்டார்கள்! சார் நாலு ஷீட்டையும் வரிசையாக மேசையில் விரித்தார். திட்டவில்லை. எங்களை வொர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போய் லேத் முன்னால் நிறுத்தினார். அவ்வளவுதான்.

சொன்னெராவின் பிற்காலம் சோகமானது. 1786-இல் மீண்டும் புதுச்சேரி வந்தார். ஏனாம் நிர்வாகத்தையும் கொஞ்ச காலம் பார்த்தார். 1793-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அவர்கள் பிடியில் சிக்கினார். 1813-இல்தான் தாய்நாடு திரும்ப முடிந்தது. மறு ஆண்டே பாரிஸில் கண்ணை மூடினார்.

அவர் திரும்பிய அதே 1813-இல் டச்சு அறிஞர் டெம்மிங்க், நம்ம மலைகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கு கேலஸ் சொன்னெராட்டி என்று பெயர் வைத்தார். சதுப்புநில மரங்களில் ஓர் இனத்துக்கு சொன்னெரேஷியா என்று பெயர். பிச்சாவரத்திலும் அந்த மரம் உண்டு.

வீட்டுக்கோழியின் மூதாதை இந்தச் சாம்பல் காட்டுக்கோழிதான் என்று சொன்னெரா நம்பினார். இல்லை, சிவப்புக் காட்டுக்கோழிதான் என்று பிற்கால அறிவியல் ஒதுக்கித் தள்ளியது. ஆனால் 2008-இல் வந்த மரபணு ஆய்வு, வீட்டுக்கோழியின் மஞ்சள் தோல் மட்டும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று கண்டுபிடித்தது. நேரில் பார்த்து யோசித்தவர் முழுசாகத் தோற்கவில்லை!

எங்க தாத்தா வளர்க்கிற சேவலுக்கு மஞ்சள் கால். காலையில் அது கூவும்போதெல்லாம் சொன்னெரா நினைவு வரும். பாராமல் வரைந்த படம் ஒரு பறவையின் பெயரில் இருநூறு ஆண்டுக்கு மேல் தப்பாகவே நிற்கிறது. பார்த்து எழுதிய இரண்டு வரி இன்றைக்கும் நிற்கிறது. தம்பிகளே, தங்கைகளே, அடுத்த ஷீட்டுக்கு என்னிடம் வராதீங்க. வெர்னியர் காலிபரை எடுத்துக்கிட்டு நேரே வொர்க்‌ஷாப்புக்குப் போங்க!

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், தவளக்குப்பம்