மனை வாங்கிக் கொடுத்த ரேனியஸ் ஐயர்

துன்பப்படுகிறவனுக்கு ஆறுதல் சொல்வது எளிது. அவன் குடிசை போட்டுக்கொள்ள ஒரு துண்டு மனை வாங்கிக் கொடுப்பது கடினம். திருநெல்வேலிச் சீமையில் அந்தக் கடினமான வேலையைச் செய்தவர் ரேனியஸ் ஐயர்.

அவர் வெள்ளைக்காரர், ஆனால் ஆங்கிலேயர் அல்ல. பிரஷ்யா நாட்டில் 1790-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி பிறந்த ஜெர்மானியர். இங்கிலாந்தில் இருந்த சர்ச் மிஷன் சங்கம் அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. 1814-ம் ஆண்டு சென்னையில் வந்து இறங்கினார். 1820-ம் ஆண்டு பாளையங்கோட்டைக்குப் போனார்.

தமிழைத் திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்ற புலவரிடம் முறையாகக் கற்றார். பிறகு தமிழிலேயே பேசினார், தமிழிலேயே எழுதினார். பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் புதிதாக மொழிபெயர்த்தார். "பூமி சாஸ்திரம்" என்ற நூலையும் எழுதினார். பெண்கள் படிப்பதை ஊரார் கேலி செய்த அந்தக் காலத்திலேயே, பெண் குழந்தைகளுக்குப் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் நடந்தது. இன்று ஊசிக் கோபுரத்தோடு நிற்கும் பாளையங்கோட்டை ஆலயம் அவர் கட்டியதுதான். 1826-ம் ஆண்டு அது திறக்கப்பட்டது. கோபுரம் பின்னால் வந்தது.

துரத்தப்பட்டவர்கள்

கிராமங்களில் பலர் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். பெரும்பாலோர் ஏழைகள். பனை ஏறியும் கூலி வேலை செய்தும் பிழைத்தவர்கள். அவர்கள் குடியிருந்த மனை அவர்களுக்குச் சொந்தம் அல்ல. உழுத நிலமும் வேறு ஒருவருடையது.

ஊர் வழக்கத்தை விட்டுவிட்டார்கள் என்று அவர்கள் மேல் சிலருக்குக் கோபம் வந்தது. வேலை நின்றது. குடிசையைக் காலி செய்யச் சொன்னார்கள். சில இடங்களில் அடி உதையும் விழுந்தது. பெண்டு பிள்ளைகளோடு அவர்கள் எங்கே போவார்கள்?

ரேனியஸ் யோசித்தார். ஜெபம் செய்தால் மட்டும் போதாது. கால் ஊன்ற மண் வேண்டும் என்று கண்டார். நிலத்தை விலைக்கு வாங்கினார். துரத்தப்பட்டவர்களை அங்கே குடியேற்றினார். நடுவில் ஒரு சிறு ஆலயம்; அதுவே பள்ளிக்கூடம். சுற்றிலும் வீடுகள். இனி வெளியே போ என்று சொல்ல ஒருவரும் இல்லை. இப்படிப் புதிய ஊர்கள் பிறந்தன.

அவற்றில் ஒன்று டோனாவூர். பிரஷ்யாவில் இருந்த டோனா என்ற பிரபு அந்த ஊருக்குப் பணம் உதவினார். அவர் பெயரே ஊரின் பெயர் ஆயிற்று.

தரும சங்கம்

எல்லா ஊருக்கும் ஒரு பிரபு கிடைப்பாரா? மேலும், எதற்கெடுத்தாலும் சீமைப் பணத்தை எதிர்பார்ப்பது ரேனியசுக்குப் பிடிக்கவில்லை. சகோதரனைத் தாங்குவது சகோதரனின் கடமை அல்லவா?

1830-ம் ஆண்டு பாளையங்கோட்டையில் தரும சங்கம் ஏற்பட்டது. உபதேசியார்களும் சபை மக்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். ஒருவர் கொடுத்தது சிறு காசுதான். ஆனால் பல ஊர்க் காசு ஒன்று சேர்ந்தபோது நிலம் வாங்க முடிந்தது; வீடு கட்ட முடிந்தது; ஆலயத்தையும் பள்ளியையும் பெரிதாக்க முடிந்தது. நேற்று உதவி பெற்றவன் இன்று உதவி செய்கிறவன் ஆனான். கை நீட்டி வாங்கியவனுக்குக் கொடுக்கிற பெருமை கிடைத்தது.

இன்னொரு துயரமும் அவர் கண்ணில் பட்டது. உபதேசியார் ஊர் ஊராக நடப்பார். காலரா போன்ற நோய் வந்தால் திடீரென்று இறந்துபோவார். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கஞ்சிக்கு வழி இராது. இதற்காக விதவைகள் நிதி ஒன்று ஏற்பட்டது. உபதேசியார்கள் உயிரோடு இருக்கும்போதே தங்கள் சம்பளத்தில் சிறு பங்கைப் போட்டு வந்தார்கள். ஒருவர் இறந்தால், அந்த நிதி அவர் குடும்பத்துக்குக் கை கொடுத்தது. அது பிச்சை அல்ல. புருஷன் சேர்த்து வைத்த உரிமை.

பிளவு

ரேனியசின் வாழ்வில் கசப்பும் உண்டு. குருப்பட்டம் கொடுக்கும் முறையிலும் ஆராதனை முறையிலும் அவருக்கும் சர்ச் மிஷன் சங்கத்துக்கும் கருத்து வேற்றுமை வளர்ந்தது. அவர் தம் கருத்தை விட்டுக் கொடுக்கவில்லை. 1835-ம் ஆண்டு சங்கம் அவரை விலக்கியது. அவர் ஆற்காடு பக்கம் போனார். உபதேசியார்கள் பலர் திரும்பி வரும்படி வேண்டினார்கள். அதே ஆண்டு வந்தார். சபைகள் இரண்டு கட்சிகள் ஆயின. ஒருவரை ஒருவர் தாங்கக் கற்றுக்கொண்ட மக்களே பிரிந்து நின்றார்கள். அது வேதனையான காலம்.

1838-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி பாளையங்கோட்டையில் ரேனியஸ் காலமானார். வயது 47. அவர் மறைந்த பிறகு பிரிந்தவர்கள் மெல்ல மெல்ல ஒன்று சேர்ந்தார்கள்.

சண்டை மறைந்தது, ஊர்கள் நிலைத்தன. 1901-ம் ஆண்டு ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஆதரவற்ற குழந்தைகளோடு வாழத் தேர்ந்த ஊர் டோனாவூர்தான். வீடு இல்லாதவர்களுக்காக வாங்கிய மண், மறுபடியும் வீடு இல்லாதவர்களுக்கே இடம் கொடுத்தது.

பக்கத்து வீட்டில் வாடகை கொடுக்க முடியாத குடும்பம் இருக்கலாம். கணவனை இழந்த சகோதரி இருக்கலாம். ஒருவரால் தாங்க முடியாத பாரத்தைப் பத்துப் பேர் தாங்கலாம். மாதம்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்தால் போதும். ரேனியஸ் ஐயர் செய்து காட்டியது அதுதான்.