உடனிருந்தவர் தேடித்தந்த முகவரி

இரண்டாம் ஆண்டில் மனம் சோர்ந்து விடுதி அறையிலேயே முடங்கிக் கிடந்தேன். அறைத்தோழன் தினமும் சாப்பாடு வாங்கிவந்து பக்கத்தில் அமர்ந்திருப்பான். அந்நாள்களில்தான் கிளிஃபோர்டு பியர்சின் வாழ்க்கையைப் படித்தேன்.

அமெரிக்காவில் 1876இல் பிறந்த பியர்ஸ், 1897இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். சகோதரருக்கு வந்த வலிப்பு நோய் தமக்கும் வருமோ என்ற அச்சம் அவரை வாட்டியது. 1900இல் உயிரைவிடத் துணிந்து, பிழைத்தார். பார்க்கவரும் உறவினரையெல்லாம் வேடமிட்ட துப்பறிவாளர்கள் என்றே நம்பினார்.

1902இல், ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையில் உடனிருந்த நோயாளி ஒருவர் வெளியே சென்று, பியர்சின் இன்னொரு சகோதரரின் முகவரியைத் தேடித் தந்தார். உண்மையான சகோதரரானால் இக்கடிதத்துடனேயே வரவேண்டும் என்று பியர்ஸ் எழுதியனுப்பினார். கடிதத்தோடு அவர் வந்து நின்றார். சந்தேகம் கரைந்தது.

அதன்பின்னும் மனக்கொந்தளிப்பும் காவலர்களின் அடி உதையும் இருந்தன. 1903இல் வெளிவந்த பியர்ஸ், 1908இல் தம் அனுபவங்களை நூலாக்கினார்; மனநலச் சங்கமும் தொடங்கினார். 1943இல் மறைந்தார்.

மருத்துவம் அவசியம்தான். என்னை ஆலோசகரிடம் அழைத்துச் சென்றவன் அறைத்தோழனே. நண்பர்களே, உங்கள் பக்கத்து அறைக் கதவு பல நாளாய் மூடியிருந்தால், ஒருமுறை தட்டிப் பாருங்கள்.