ஆலத்தூர் ஆசானும் பிரிந்து சென்ற மாணவரும்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே கோவிந்தபுரம் எல்லையைக் கடந்து சென்றால் கொல்லங்கோடு என்னும் ஊர் வரும். தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் மண் அது. அங்கே 1852ஆம் ஆண்டில் கோவிந்தன்குட்டி என்பார் பிறந்தார். பின்னாளில் பிரம்மானந்த சுவாமி சிவயோகி என்று கேரளம் போற்றிய பெரியார் அவரே.

வடமொழியைக் கற்றுத் தேர்ந்து, பள்ளிகளில் அம்மொழி ஆசிரியராகப் பணிபுரிந்தார். இல்லறத்தில் இருந்துகொண்டே யோகம் பயின்றார். பாலக்காட்டிலிருந்து திருச்சூர் செல்லும் பெருவழியில் உள்ள ஆலத்தூரில் சித்தாசிரமத்தை நிறுவினார். அவர் வகுத்த நெறிக்கு ஆனந்த மதம் என்று பெயர். உயிர்கள் எல்லாம் நாடுவது இன்பம். அவ்வின்பம் மனத்தின் அமைதியில் உள்ளது. அதனை அடையும் வழி இராஜயோகம். இதுவே அவர் கொள்கையின் சாரம். ஆகவே சாதி வேற்றுமையைக் கடிந்தார். தீர்த்த யாத்திரையையும் உருவ வழிபாட்டையும் மதுவையும் கடிந்தார். பெண்கல்வியை வலியுறுத்தி 1899இல் ஸ்திரீ வித்யா போஷிணி என்னும் நூலை எழுதினார். 1905இல் மோட்சப் பிரதீபம் வெளிவந்தது.

அக்காலத்துக் கேரளத்தில் ஞானாசிரியர்க்குப் பஞ்சமில்லை. தெற்கே நாராயண குரு 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவி, கோயிற்கதவு அடைக்கப்பட்ட மக்களுக்கு ஒரு கோயிலைத் தந்திருந்தார். சிவயோகியோ, கோயிலே எதற்கு என்று கேட்டார். 1916இல் விக்கிரக ஆராதனையைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். சட்டம்பி சுவாமிகள் மோட்சப் பிரதீபத்தை மறுத்து நூல் எழுதினார். மூவரும் சாதிக் கொடுமையை வெறுத்தவர்கள். ஆயினும் வழி வேறு, வாதம் வேறு. உண்மையை நாடிய இளைஞன் ஒருவன் யாரைப் பின்பற்றுவான்?

அத்தகைய இளைஞர் ஒருவர் இருந்தார். தலைச்சேரிக்கு அருகே பாட்டியம் என்னும் ஊரில் 1885இல் பிறந்த குஞ்ஞிக்கண்ணன் அவர். சிவயோகியைக் கண்டார், உருவ வழிபாட்டு மறுப்பில் மனம் ஒன்றி மாணவரானார். அவருடைய நாவன்மையைக் கண்டு வியந்த ஆசான் வாக்படானந்தர் என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயராலேயே இன்றும் அவரை உலகம் அறியும்.

ஆனால் ஆசானின் கொள்கை முழுவதும் மாணவர்க்கு உடன்பாடாகவில்லை. ஆனந்தத்திற்கு அப்பால் வணங்குதற்குரிய கடவுள் வேண்டாம் என்னும் அளவுக்குச் சென்றது ஆனந்த மதம். வாக்படானந்தரோ அத்வைதத்தில் ஊன்றி நின்றவர். பெயர் கொடுத்த குருவாயிற்றே என்று அவர் வாய்மூடி இருக்கவில்லை. பிரிந்தார், 1917இல் ஆத்மவித்யா சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆலத்தூரார் ஆனந்த மகாசபையை நிறுவினார். நாராயண குருவை ஆலுவாயில் சந்தித்தபோதும், அத்வைதி சிலை நிறுவலாமா என்று வாக்படானந்தர் நேரே வினவினார் என்பர்.

இதனைக் குருத்துரோகம் என்று சொல்வாரும் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அமைதி உன் மனத்தில் இருக்கிறது என்று கற்பித்தவர், அதனைத் தேடும் பொறுப்பையும் மாணவனிடமே ஒப்படைத்துவிட்டார் அல்லவா? அப்பொறுப்பை ஏற்றவன் ஒருநாள் ஆசானையும் ஆராய்ந்து பார்ப்பான். சிவயோகியின் கல்வி பலித்ததற்கு அந்தப் பிரிவே சான்று. ஆராய்ந்து ஏற்றதை வாக்படானந்தர் விடவுமில்லை. உருவ வழிபாட்டையும் சாதியையும் இறுதிவரை எதிர்த்தார். அவர் ஊக்கத்தால் 1925இல் வடகரைக்கு அருகே ஊராளுங்கலில் தோன்றிய தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இன்றும் சாலையும் பாலமும் அமைத்து வருகிறது.

சிவயோகி 1929இல் மறைந்தார். பத்தாண்டுக்குப் பின் மாணவரும் மறைந்தார். அவர்களுடைய வாதங்களுள் பலவற்றை நாடு மறந்துவிட்டது. ஆலத்தூரில் ஆசிரமம் இருக்கிறது.

நண்பர்களே, இன்று நம் முன்னும் பல குருமார் நிற்கின்றனர். ஒருவர் மற்றவரைப் பொய்யர் என்கின்றனர். அவர்களுள் வென்றவர் யார் என்று எண்ணிக்கொண்டிருப்பது எளிது. குரு சொன்னார், அதனால் செய்தேன் என்று தப்பித்துக்கொள்வது அதனினும் எளிது. கேட்டதை நம் வாழ்வில் இட்டுச் சோதித்துக் கொள்வதும் தள்ளுவதும் நம் கடன். அதனை நமக்காக எந்த ஆசானும் செய்து தர முடியாது.