ஒரு அடி உயர எஞ்சின் செய்த மர்டாக்

பெங்களூர் பிரேசர் டவுனில் குடியிருக்கும் தமிழர்களுக்கு ரயில் சத்தம் தாலாட்டு மாதிரி. ஈஸ்ட் ஸ்டேஷன் வழியாக வண்டி போகும் சத்தத்தில்தான் அங்கே பல வீடுகளில் பொழுது விடிகிறது. ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு இந்தப் பாதை வந்தது 1864-ம் ஆண்டில். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம் பாட்டன், பூட்டன்மார் பலர் இந்தப் பாதை வழியாகத்தான் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள்.

ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் யார் என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால் ஸ்டீபன்சன் என்று சொல்லும். இன்னொரு பிள்ளை, கெட்டில் மூடி கதையை நினைத்துக்கொண்டு ஜேம்ஸ் வாட் என்று சொல்லும். இரண்டும் சரியல்ல. ஸ்டீபன்சனுக்கு முன்பே ரயில் எஞ்சின் ஓடிவிட்டது. ஜேம்ஸ் வாட் ஓடும் எஞ்சினைச் செய்யவே இல்லை. செய்து காட்டிய தன் கம்பெனி ஊழியரையும் மேலே போகவிடாமல் தடுத்தவர் அவர். அந்த ஊழியரின் பெயர் வில்லியம் மர்டாக். நம்மைப் போலவே பிழைப்புக்காக வெளியூர் போனவர்.

மரத் தொப்பி

மர்டாக் 1754-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி ஸ்காட்லாந்தில் ஏர்ஷயர் பகுதியில் பிறந்தார். தகப்பனார் மாவு மில்களுக்கு யந்திரம் அமைத்துக் கொடுப்பவர். மகனும் சிறு வயதிலேயே தச்சு, கொல்லு, கடைசல் எல்லாம் கற்றுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் பர்மிங்காம் நகரத்தில் சோஹோ என்ற இடத்தில் போல்டன்-வாட் கம்பெனி இருந்தது. மாத்யூ போல்டன் பணம் போட்டவர். ஜேம்ஸ் வாட் மூளையைப் போட்டவர். நீராவி எஞ்சின் என்றால் அந்தக் கம்பெனிதான். 1777-ல், 23 வயதில், அங்கே வேலை கேட்டு மர்டாக் ஊரை விட்டுக் கிளம்பினார். 300 மைலுக்கு மேல் நடந்தே போனார் என்று சொல்வார்கள். பெங்களூரிலிருந்து மதுரைக்கும் அப்பால் நடப்பது போல.

வேலை காலி இல்லை என்று போல்டன் சொல்லிவிட்டார். மர்டாக் கூச்சத்தில் தலைத்தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார். தொப்பி நழுவித் தரையில் விழுந்தது. துணித் தொப்பி விழுந்தால் சத்தம் வருமா? இது கட்டை விழுந்தது போலச் சத்தம் போட்டது. போல்டன் எடுத்துப் பார்த்தார். மரத் தொப்பி! லேத்தில் கடைந்தது. லேத்தில் வட்டமாகக் கடைவது எல்லோரும் செய்வது. மனிதன் தலை வட்டமல்லவே, நீள்வட்டமாயிற்றே! அதற்குத் தோதாகக் கடைய ஒரு லேத்தைத் தானே செய்ததாக மர்டாக் சொன்னார். வேலை கிடைத்துவிட்டது. டர்னர் வேலை தெரிந்த வாசகர்களுக்கு இந்தத் தொப்பியின் அருமை புரியும்.

வாரம் 15 ஷில்லிங் சம்பளம். வெளியூர் போனால் 17. லண்டன் போனால் 18. படிக் கணக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது!

இங்கிலாந்துக்காரர்கள் வாயில் அவருடைய பெயர் சரியாக நுழையவில்லை. பெயரின் கடைசி எழுத்தையே மாற்றி, அவர்கள் உச்சரிக்கும்படி எழுத ஆரம்பித்தார். வெளி மாநில ஆபீசில் தன் பெயர் மஸ்டர் ரோலில் என்ன பாடு படுகிறது என்று பார்த்தவர்கள் அவரைக் குறை சொல்லமாட்டார்கள்.

கார்ன்வால் சுரங்கங்களில்

1779-ல் மர்டாக்கைக் கார்ன்வாலுக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடி. தாமிர, வெள்ளீயச் சுரங்கங்கள் நிறைந்த இடம். ஆழத்தில் ஊறும் தண்ணீரை இறைக்க நீராவி எஞ்சின் வேண்டும். எஞ்சினை நிறுத்துவது, பழுது பார்ப்பது, ராத்திரியில் நின்றுபோனால் ஓடிப்போய் ஓட்டிவிடுவது எல்லாம் மர்டாக் தலையில். ரெட்ரூத் என்ற ஊரில் குடியிருந்தார்.

கம்பெனியின் வசூல் முறை விசித்திரமானது. பழைய எஞ்சினைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ அதில் மூன்றில் ஒரு பங்கைச் சுரங்கக்காரர்கள் கொடுக்க வேண்டும். ஆகவே எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ அவ்வளவு பணம். நன்றாக ஓட வைத்தவர் மர்டாக். சம்பளத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்டபோது, உயர்வுக்குப் பதிலாக இனாம் கொடுத்துச் சமாளித்தார் போல்டன்.

1781-ல் வாட் பெயரில் பேடண்ட் ஆன ஒரு பல்சக்கர அமைப்பு உண்டு. மேலும் கீழும் போகும் அசைவைச் சுழலும் அசைவாக மாற்றுவது. அதுவே மர்டாக்கின் மூளையில் உதித்தது என்று பலர் கருதுகிறார்கள். பேடண்ட் காகிதத்தில் இருப்பது முதலாளி பெயர்தான்.

மூலம் இல்லாத மாடல்

பகலெல்லாம் சுரங்கத்தில் வேலை. இரவில் தன் வீட்டில் வேறு வேலை. 1784-ல் அது ஓர் உருவத்துக்கு வந்தது. மூன்று சக்கரம் வைத்த ஒரு சிறிய எஞ்சின். ஒரு அடிக்குக் கொஞ்சம் அதிக உயரம். சுமார் ஒன்றரை அடி நீளம். தாமிரக் கொதிகலன், அடியில் ஸ்பிரிட் விளக்கு. சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம். பிஸ்டன் போய்வரும் தூரம் இரண்டு அங்குலம். ஓட்டும் சக்கரங்கள் இரண்டும் ஒன்பதரை அங்குல விட்டம். முன்னால் திரும்புவதற்கு ஒரு சின்னச் சக்கரம்.

மாடல் செய்வது என்றால் பெரியதைப் பார்த்து அப்படியே சிறிதாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. ஒரு கொதிகலனை நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் பாதியாக்கினால் அதன் வெளிப்பரப்பு நாலில் ஒன்றாகும். உள்ளே பிடிக்கும் தண்ணீரோ எட்டில் ஒன்றாகிவிடும். சூடு தேக்கும் இடம் குறைவு, சூடு ஓடும் இடம் அதிகம். சிலிண்டரைத் தொட்டதுமே நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். மர்டாக் சிலிண்டரைக் கொதிகலனின் தலையிலேயே பொருத்தியிருந்தார்.

இன்று இதையே பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு வேறு தலைவலி. நம் ஈஸ்ட் ஸ்டேஷன் அகலப்பாதையில் தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர். அதை 76-ல் ஒரு பங்காகச் செய்தால் 22 மில்லிமீட்டர் வரவேண்டும். ஆனால் அந்த அளவு எஞ்சின்களுக்குக் கடையில் விற்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16½ மில்லிமீட்டர்தான். கணக்கு பிசகக்கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர், கடையில் வாங்கிய எஞ்சினைக் கழற்றி, நீளமான அச்சு கடைந்து, சக்கர விளிம்பை மெலிதாக்கி, மோட்டாரையும் பல்சக்கரத்தையும் மறுபடி பொருத்தியாக வேண்டும். 152-ல் ஒரு பங்கில் செய்பவர்களும் உண்டு. அப்போது இடைவெளி 11 மில்லிமீட்டர். மயிரிழை தவறினாலும் தடம் புரளும். ஒரு எஞ்சினுக்கு மாதக்கணக்கில் உட்காருகிறார்கள். நல்ல பொறுமைசாலிகள்.

அவர்களுக்குப் பார்த்துச் செய்ய ஒரு பெரிய எஞ்சின் இருக்கிறது. மர்டாக்குக்கு அது இல்லை. பிரான்சில் கூனியோ என்ற ராணுவ எஞ்சினீயர் 1769-ல் பீரங்கி இழுக்க ஒரு பெரிய நீராவி வண்டி செய்தார். அது உருப்படாமல் போய்விட்டது. பிரிட்டனில் அப்படி ஓடும் வண்டியே கிடையாது. உலகத்தில் இல்லாத ஒன்றுக்கு மர்டாக் மாடல் செய்தார்.

ஓர் இரவு ரெட்ரூத் மாதா கோவிலுக்குப் போகும் சந்தில் அதை ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோனார். விளக்கைக் கொளுத்தினார். தண்ணீர் கொதித்ததும் எஞ்சின் பிய்த்துக்கொண்டு ஓடியது. மர்டாக் பின்னாலேயே ஓடினார். இருட்டில் எதிரே ஓர் அலறல். வந்தவர் அந்த ஊர்ப் பாதிரியார். நெருப்பைக் கக்கிக்கொண்டு புஸ் புஸ் என்று வந்ததைப் பார்த்து, சாத்தானே நேரில் வந்துவிட்டதாக நினைத்துவிட்டாராம்.

எக்ஸிடர் சாலையில் ஒரு சந்திப்பு

மாடல் விஷயம் சோஹோவுக்கு எட்டியது. வாட்டுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய எஞ்சின் நீராவியைக் குளிரவைத்து வெற்றிடம் உண்டாக்கி வேலை செய்வது. மர்டாக்கின் எஞ்சினிலோ அழுத்தமான நீராவி நேராகப் பிஸ்டனைத் தள்ளிவிட்டு வெளியே போய்விடும். அழுத்த நீராவி என்றாலே வாட்டுக்குப் பயம்; கொதிகலன் வெடித்துவிடும் என்பார். அந்தக் காலத்து இரும்பில் அந்தப் பயத்துக்கு நியாயமும் இருந்தது. ஆனால் இன்னொரு பயமும் இருந்தது. மர்டாக் போய்விட்டால் கார்ன்வால் எஞ்சின்களை யார் பார்ப்பது? வசூல் என்னாவது?

வாட் ஒரு காரியம் செய்தார். 1784-ல் எடுத்த பேடண்டில் நீராவி வண்டியையும் சேர்த்துக்கொண்டார். வண்டி எதையும் செய்யவில்லை. வழியை மட்டும் அடைத்து வைத்தார்.

1786-ல் மர்டாக் துணிந்தார். மாடலைப் பெட்டியில் கட்டிக்கொண்டு பேடண்ட் எடுக்க லண்டனுக்குக் கோச்சு வண்டி ஏறினார். எதிர்த்திசையில் போல்டன் வந்துகொண்டிருந்தார். எக்ஸிடர் நகரத்துக்கு அருகே இருவரும் சந்தித்தார்கள். போல்டன் பேச்சில் தேன் வழியும். என்ன சொல்லி மடக்கினாரோ, மர்டாக் மறுநாள் கோச்சில் கார்ன்வாலுக்கே திரும்பிவிட்டார். ட்ரூரோ நகரத்தில் ஒரு பெரிய அறையில் பெட்டியைத் திறந்து எஞ்சினை ஓட்டிக் காட்டினார். நெருப்பள்ளும் கரண்டி, கிளறும் கம்பி, இடுக்கி இவற்றை ஏற்றிக்கொண்டு அது ஒரு மைல், இரண்டு மைல் தூரம் சுற்றிச் சுற்றி ஓடியது. போல்டன் பார்த்து ரசித்தார். பிறகு மர்டாக்கை வேலைக்கு அனுப்பிவிட்டார்.

அப்போது மர்டாக்குக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். கையில் முதல் கிடையாது. முதலாளியை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகும் வசதியும் இல்லை. வாட்டின் பேடண்ட் வழக்குகள் எப்படிப்பட்டவை என்று கார்ன்வாலில் எல்லோருக்கும் தெரியும். அவர் கோழை என்று நான் சொல்லமாட்டேன். சுரங்க அதிகாரிகளோடு கைகலப்பு என்று வந்தபோது பின்வாங்காத மனிதர் அவர்.

பக்கத்து வீட்டுப் பையன்

ரெட்ரூத்துக்கு அருகே ஒரு சுரங்க அதிகாரியின் மகன் வளர்ந்துகொண்டிருந்தான். 1784-ல் அவனுக்கு 13 வயது. பெயர் ரிச்சர்ட் டிரெவிதிக். 1794-ல் அவர் வந்து மாடலைப் பார்த்துப் போனதாக மர்டாக்கின் மகன் பிற்காலத்தில் சொன்னார். வாய்மொழிதான். ஆனால் சிறிது காலம் இருவரும் அண்டை வீட்டுக்காரர்கள் என்பது உண்மை.

டிரெவிதிக்கும் மாடல் செய்துதான் ஆரம்பித்தார். வாட்டின் முக்கியப் பேடண்ட் 1800-ல் காலாவதி ஆனது. 1801 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் டிரெவிதிக்கின் பெரிய நீராவி வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓடியது. 1804 பிப்ரவரி 21-ந் தேதி வேல்ஸ் நாட்டில் பெனிடாரன் இரும்பாலைத் தண்டவாளத்தில் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு அவருடைய எஞ்சின் 9 மைல் போயிற்று. அதுதான் முதல் ரயில்.

அவர் கதி என்ன? யாருக்கும் கைகட்டி நிற்காதவர். தென் அமெரிக்கா வரை போய் அலைந்தார். 1833-ல் டார்ட்போர்டு ஊரில் ஒரு சத்திரத்தில் காலணாக் கையில் இல்லாமல் இறந்தார். அவர் வேலை பார்த்த பட்டறைத் தொழிலாளர்கள் பணம் போட்டு அடக்கம் செய்தார்கள்.

மர்டாக்குக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. 1792-ல் நிலக்கரியை மூடிய பாத்திரத்தில் சுட்டு, வரும் வாயுவைக் குழாயில் கொண்டுவந்து தன் ரெட்ரூத் வீட்டில் விளக்கு ஏற்றினார். காஸ் விளக்கின் ஆரம்பம் அது. அதற்கும் பேடண்ட் எடுக்கவில்லை. பிற்பாடு லண்டனில் காஸ் கம்பெனி வைத்தவர்கள் வேறு ஆட்கள். ராயல் சொசைட்டி 1808-ல் தங்க மெடல் கொடுத்தது. பீரைத் தெளியவைக்க இறக்குமதியான மீன் பசைக்குப் பதிலாக உள்ளூர் காட் மீனிலிருந்து மலிவாக ஒன்று செய்து கொடுத்தார். லண்டன் மதுபானக்காரர்கள் அதற்கு 2,000 பவுன் தந்தார்கள். அவர் கையில் நேராக வந்த பெரிய தொகை இந்த மீன் காசுதான்!

1798-ல் சோஹோவுக்கே திரும்பினார். 1810-ல் கம்பெனியில் பங்குதாரர் ஆக்கினார்கள். வருஷத்துக்கு 1,000 பவுன் வந்தது. 1830-ல் ஓய்வு பெற்றார். ஓடும் எஞ்சினைப் பிறகு அவர் தொடவே இல்லை. 1829-ல் ஸ்டீபன்சனின் ராக்கெட் எஞ்சின் பந்தயத்தில் ஜெயித்தபோது அவருக்கு 75 வயது. அந்தச் செய்தியைக் கேட்டு மனதில் என்ன நினைத்தாரோ!

நம் நாட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. கல்கத்தா அருகே டிட்டாகரைச் சேர்ந்த கோலோக் சந்திரா என்ற கொல்லர், வெள்ளைக்காரர் உதவியில்லாமல் தானே ஒரு நீராவி எஞ்சின் செய்து 1828-ல் கல்கத்தா கண்காட்சியில் வைத்தார். 50 ரூபாய் பரிசு கொடுத்தார்கள். பிறகு அவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

மர்டாக் 1839 நவம்பர் 15-ந் தேதி காலமானார். பர்மிங்காம் அருகே ஹாண்ட்ஸ்வொர்த் மாதா கோவிலில், போல்டனும் வாட்டும் இருக்கும் அதே இடத்தில் அடக்கம் செய்தார்கள். 1956-ல் பர்மிங்காமில் மூவருக்கும் சேர்த்து ஒரே சிலை வைத்தார்கள். தங்க முலாம் பூசிய சிலை. மூவரும் எஞ்சின் படத்தை விரித்துப் பார்ப்பது போல இருக்கும். ஊர்க்காரர்கள் கேலியாக ஜமக்காளம் விற்பவர்கள் என்று சொல்வார்கள்.

அந்தச் சிறிய எஞ்சின் தொலையவில்லை. மர்டாக் குடும்பத்தில் கைமாறி வந்து, பர்மிங்காம் திங்க்டேங்க் அறிவியல் காட்சிசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.