ஒற்றைக் காலுடன் ஓடிய டெரி ஃபாக்ஸ்

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் முன்னோர் வாக்கு. கொடிய நோயால் ஒரு காலை இழந்த பின்னரும், அடிமேல் அடி வைத்து ஒரு நாட்டின் நெஞ்சத்தையே அசைத்த இளைஞர் ஒருவரின் வாழ்க்கையை ஈண்டுக் காண்போம்.

டெரி ஃபாக்ஸ் 1958ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் கனடா நாட்டின் வினிப்பெக் நகரில் பிறந்தார். தந்தையார் இரயில்வேத் தொழிலாளி. நான்கு பிள்ளைகளுள் டெரி இரண்டாமவர். பள்ளியில் கூடைப்பந்து விளையாட்டின் மீது தீராத ஆர்வம் கொண்டிருந்தார். ஆனால், உயரமும் குறைவு, திறனும் குறைவு. தொடக்கத்தில் அவருக்கு ஆடும் வாய்ப்பே அரிதாகத்தான் கிடைத்தது. எனினும் அவர் மனந்தளரவில்லை. இடைவிடாது பயின்று, பள்ளியின் இறுதியாண்டில் சிறந்த விளையாட்டாளர் விருதைத் தம் தோழர் டக் ஆல்வர்டுடன் பகிர்ந்து பெற்றார்.

பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தபோது அவருடைய வலது முழங்காலில் வலி கண்டது. விளையாட்டில் ஏற்பட்ட வலிதானே என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டார். 1977ஆம் ஆண்டு மார்ச் மாதம் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது அது எலும்புப் புற்றுநோய் எனத் தெரிய வந்தது. முழங்காலுக்கு மேலே கால் அகற்றப்பட்டது. அப்போது அவருக்கு வயது 18.

அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரங்களுக்குள் செயற்கைக் காலுடன் நடக்கத் தொடங்கினார். பின்னர்ச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் குழுவில் சேர்ந்து ஆடினார். இதற்கிடையே 16 மாதங்கள் கடுமையான மருந்துச் சிகிச்சையும் தொடர்ந்தது. மருத்துவமனையில் தம்மைப் போன்ற நோயாளிகள் பலர் படும் துன்பத்தை அவர் கண்கூடாகக் கண்டார். புதிய மருந்துகளால்தான் தமக்குப் பிழைக்கும் வாய்ப்புக் கூடியது என்பதையும் உணர்ந்தார். ஆகவே, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டக் கனடாவின் குறுக்கே ஓடுவது என உறுதி பூண்டார்.

தொடக்கத்தில் அவரால் மிகக் குறுகிய தூரமே ஓட முடிந்தது. செயற்கைக் கால் முன்னே வந்து ஊன்றும் வரை, நல்ல காலால் இருமுறை தத்த வேண்டியிருந்தது. கால் பொருந்திய இடத்தில் தோல் உரிந்து புண்ணாயிற்று. ஆயினும் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டி, ஓராண்டுக்கு மேலாகப் பயிற்சி செய்தார். 1979இல் நெடுந்தூரப் பந்தயம் ஒன்றில் கலந்துகொண்டு கடைசியாக வந்தார். ஆனால், ஓடி முடித்தார். அதுவே அவருக்கு வெற்றி!

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், செயற்கைக் காலை அட்லாண்டிக் கடல்நீரில் நனைத்துத் தம் ஓட்டத்தைத் தொடங்கினார். தோழர் டக் வண்டியோட்டி உடன் வந்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடினார். முதலில் கவனிப்பார் அதிகமில்லை. பின்னர்ச் சாலையின் இருமருங்கும் மக்கள் திரண்டு காசும் கண்ணீருமாக வரவேற்றனர்.

143 நாள்கள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் முதல் நாள், தண்டர் பே நகரருகே நெஞ்சுவலியும் இருமலும் அவரைத் தடுத்து நிறுத்தின. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், தமது 23ஆம் பிறந்தநாளுக்கு ஒரு திங்கள் இருக்க, அவர் மறைந்தார். கனடா மக்கள் ஆளுக்கு ஒரு டாலர் தரவேண்டும் என்பது அவர் விருப்பம். சிறுதுளி பெருவெள்ளமாகி, அவர் உயிரோடிருந்தபோதே அது நிறைவேறி 2 கோடியே 40 இலட்சம் டாலரைத் தாண்டிற்று. அவர் பெயரால் நடைபெறும் ஓட்டம் நம் மலேசியாவிலும் அண்டை நாடான சிங்கப்பூரிலும் நடந்ததுண்டு.

பெற்றோர்களே! ஓடியாடும் பிள்ளைகளுக்குக் கால்வலி வருவது இயல்பு. பெரும்பாலும் அது தானே தீரும். ஆனால், வலியோ வீக்கமோ வாரக்கணக்கில் நீடித்தாலும், இரவில் உறக்கத்தைக் கெடுத்தாலும், தைலம் தேய்ப்பதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இன்று பலருக்குக் காலை அகற்றாமலே இந்நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்ய இயலுகின்றது. டெரி தம் ஓட்டத்தின்போது மருத்துவரைக் காண்பதைத் தவிர்த்தார். அவருடைய துணிவைப் பின்பற்றுவோம். அதனைப் பின்பற்ற வேண்டா. சிகிச்சைக்குப் பின் உடற்பயிற்சிக்குத் திரும்புவோர் மருத்துவரைக் கேட்டுச் சிறுகச் சிறுகவே தொடங்குதல் நலம்.

மாணவமணிகளே! நோயுற்று மீண்ட தோழன் ஒருவன் திடலோரத்தில் தனித்து நின்றால், பரிதாபப்பட்டு ஒதுங்கிப் போகாதீர்கள். அவனால் இயன்ற ஆட்டத்திற்கு அவனை அழையுங்கள். அவன் கடைசியாக வந்தாலும் கைதட்டுங்கள். டெரி ஃபாக்ஸுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.