வணிகப் பெருமகனார் சாம் வால்டன்

அமெரிக்க நாட்டின் ஓக்லஹோமா மாநிலத்தில், கிங்பிஷர் என்னும் சிற்றூரில், 1918ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள் சாம் வால்டன் பிறந்தார். அவர் வளர்ந்து வந்த காலத்தில் பொருளாதார மந்தம் அந்நாட்டை வாட்டி வதைத்தது. கடனைச் செலுத்த இயலாத உழவர்களின் நிலங்களை மீட்டெடுக்கும் பணியில் அவர்தம் தந்தையார் ஈடுபட்டிருந்தார். சிற்சில வேளைகளில் உடன் சென்ற சாம், நிலத்தை இழந்த குடும்பங்களின் துயரை நேரிற் கண்டார். வீட்டிலும் வறுமையே. அதிகாலையில் எழுந்து பசுக்களிடம் பால் கறப்பார். அன்னையார் அதனைப் புட்டிகளில் அடைத்து வைப்பார். மாலையில் பந்தாட்டப் பயிற்சி முடிந்ததும் சாம் அதனை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பார்.

மாணவர்களே, அப்பந்தாட்டம் நாம் பள்ளித் திடலில் உதைத்து ஆடும் காற்பந்தன்று. நீள்வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்து அது. சாம் உயரமானவரல்லர். எனினும், கொலம்பியா நகரின் ஹிக்மன் உயர்நிலைப்பள்ளிக் குழுவின் ஆட்டத்தை முன்னின்று நடத்தும் பொறுப்பு அவரிடமே இருந்தது. 1935ஆம் ஆண்டில் அக்குழு மிசூரி மாநில வாகையைச் சூடியது. பின்னர்ச் செய்தித்தாள் விநியோகம் செய்தே பல்கலைக்கழகச் செலவுக்குப் பொருளீட்டி, 1940இல் பொருளியற் பட்டம் பெற்றார்.

திங்களுக்கு 75 டாலர் சம்பளத்தில் ஜே.சி. பென்னி நிறுவனக் கடையொன்றில் பணியைத் தொடங்கினார். அவருடைய கையெழுத்தோ படிக்க இயலாதது! விற்பனைச் சீட்டுகளை அவர் கிறுக்கி வைத்தது மேலாளர்களுக்குப் பெருந்தொல்லையாயிற்று. உலகப் போரின்போது படைப்பணி ஆற்றித் திரும்பியபின், 1945இல் மாமனாரிடம் 20,000 டாலர் கடன் பெற்று, தம் சேமிப்பு 5,000 டாலரையும் சேர்த்து, ஆர்க்கன்சா மாநிலத்து நியூபோர்ட்டு நகரில் பல்பொருட் கடையொன்றை வாங்கினார்.

அங்கே அவர் கற்ற கணக்கு ஒன்றை நாமும் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆடைவகையை டசன் இரண்டரை டாலருக்கு வாங்கி, மூன்று ஒரு டாலர் என அவர் விற்று வந்தார். டசனுக்கு ஒன்றரை டாலர் இலாபம். பிறகு வேறொரு வணிகரிடம் டசன் இரண்டு டாலருக்கு வாங்கி, நான்கு ஒரு டாலர் என விற்றார். இலாபம் ஒரு டாலராகக் குறைந்தது. ஆயினும் மக்கள் திரண்டு வந்து வாங்கியதால் மொத்த வருவாய் பெருகியது. அவருடைய பிற்கால வணிகம் முழுவதும் இக்கணக்கின்மீதே எழுந்தது.

கடை செழித்தது. ஆனால், வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமையை எழுதி வாங்க அவர் தவறிவிட்டார். ஐந்தாண்டு முடிந்ததும், கட்டட உரிமையாளர் அக்கடையைத் தம் மகனுக்கெனக் கேட்டு வாங்கிக் கொண்டார். ஐந்தாண்டு உழைப்பும் கைவிட்டுப் போயிற்று. மனைவி ஹெலனையும் நான்கு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, ஏறத்தாழ மூவாயிரம் பேரே வாழ்ந்த பெண்டன்வில் என்னும் ஊருக்குச் சென்று, 1950இல் மீண்டும் தொடங்கினார். இம்முறை 99 ஆண்டு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்! வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கொள்ளும் புதுமுறைக் கடைகள் மினசோட்டாவில் இருப்பதை அறிந்து, இரவு முழுவதும் பேருந்தில் பயணம் செய்து பார்த்து வந்து, தம் கடையையும் அவ்வாறே அமைத்தார்.

1962ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2ஆம் நாள் ரோஜர்ஸ் நகரில் முதல் வால்மார்ட் கடை திறக்கப்பட்டது. பெரு நிறுவனங்கள் எட்டிப் பாராத சிற்றூர்களையே அவர் நாடினார். சிறு விமானத்தைத் தாமே ஓட்டிச் சென்று, வானிலிருந்து கடைக்கேற்ற இடம் தேடினார்.

அவருடைய வெற்றியால் வருந்தியவர்களும் உண்டு. அம்மலிவு விலைக்கு ஈடு கொடுக்க இயலாமல் சிறு கடைக்காரர் பலர் கடையை மூடினர். தொடக்க ஆண்டுகளில் ஊழியர்க்கு அவர் அளித்த ஊதியம் குறைவே. அதற்காகப் பின்னாளில் வருந்தினார். 1971இல் இலாபப் பங்கீட்டினை ஊழியர்க்கும் விரிவுபடுத்தினார். தொழிற்சங்கங்களை மட்டும் இறுதிவரை அவர் விரும்பவில்லை.

1985இல் அமெரிக்காவின் முதற்பெருஞ் செல்வராக இதழொன்று அவரை அறிவித்தது. அப்பொழுதும் பழைய சிறு பார வண்டியிலேயே தம் வேட்டை நாய்களுடன் சென்று வந்தார். 1992இல் அவருடைய கடைகள் 1,700ஐக் கடந்திருந்தன. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் அதிபர் ஜார்ஜ் புஷ் பெண்டன்வில்லுக்கே வந்து, நாட்டின் உயரிய விருதாகிய சுதந்திரப் பதக்கத்தை அவருக்கு அணிவித்தார். எலும்பு மச்சைப் புற்றுநோயால் நலிந்திருந்த அவர், ஏப்ரல் திங்கள் 5ஆம் நாள் தம் 74ஆம் அகவையில் இயற்கை எய்தினார்.