பொன்வட்டில் பழி நீங்கிய தொண்டரடிப்பொடியாழ்வார்

சோழவள நாட்டில் கும்பகோணத்தை அடுத்த திருமண்டங்குடியில், மார்கழித் திங்கள் கேட்டை நன்னாளில், எம்பெருமானின் வனமாலை அம்சமாகத் திருவவதாரம் செய்தவர் விப்ரநாராயணர். திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து, துளபமும் மலரும் தொடுத்துப் பெரியபெருமாளுக்குச் சமர்ப்பிப்பதே வாழ்வென்றிருந்தார், மணவாழ்க்கையை நாடவில்லை.

அந்நந்தவனத்திற்கு வந்த தேவதேவி என்னும் கணிகை, தம்மை ஏறெடுத்தும் பாராத அவரை மயக்குவதாகத் தமக்கையிடம் சபதம் செய்து, பணிவிடை செய்பவளாய்ப் புகுந்து அவ்வாறே வென்றாள். கைப்பொருள் கரைந்ததும் அவருக்கு வாசற்கதவு அடைபட்டது. அப்போதும் அவர் அவ்வாசலை விட்டகலவில்லை.

பிறகு நடந்ததைக் குருபரம்பரை இவ்வாறு உரைக்கும். ஓரிரவு அரங்கன் தன் சந்நிதிப் பொன்வட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அழகியமணவாளன் என்னும் ஏவலாளனாய்ச் சென்று, விப்ரநாராயணர் அனுப்பியதாகக் கூறித் தேவதேவியிடம் கொடுத்தான். மறுநாள் திருக்காப்பு நீக்கிய அர்ச்சகர்கள் வட்டிலைக் காணாது திகைத்தனர். பணிப்பெண் ஒருத்தியால் செய்தி வெளியாக, அரசன் சேவகர்கள் வட்டிலைத் தேவதேவி இல்லத்திலேயே கைப்பற்றினர். அவள் விப்ரநாராயணர் பெயரைச் சொன்னாள். அவரோ, வட்டிலும் தமக்கில்லை, அனுப்புதற்கு ஏவலாளும் தமக்கில்லை என்றார். உண்மைதான், ஆனால் அதற்குச் சாட்சி யார்? பொருள் அகப்பட்டது, கொடுத்தவர் பெயரும் கிடைத்தது, அவர் அவ்வீட்டில் பொருளிழந்து நின்றதை ஊரே கண்டிருந்தது. கண்ட சான்றுகளைக் கொண்டு அரசன் அவரைச் சிறையிலிட்டதைக் குறைகூற இயலாது. உடைமையாளனே தன் உடைமையை எடுத்துச் சென்றான் என்று எந்த வழக்குமன்றம்தான் ஊகிக்கும்?

அன்றிரவே அரங்கன் அரசன் கனவில் தோன்றி, நடந்தது தன் செயலே என்று உணர்த்தியருளினான். அரசன் விப்ரநாராயணரை உடனே விடுவித்து, பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொண்டான்.

களவுப்பழி நீங்கியது. ஆயின் அவர் தம்மைக் குற்றமற்றவராகக் கருதவில்லை. வட்டிலை எடுக்கவில்லையே தவிர, அரங்கனுக்கான கைங்கரியத்தை மறந்து கிடந்த நாள்கள் அவருடையவை அல்லவா? அரசன் விசாரிக்காத அக்குற்றத்திற்குப் பெரியோர்களிடம் தாமே பிராயச்சித்தம் கேட்டார். பாகவதர்களின் ஸ்ரீபாததீர்த்தமே கழுவாய் என்று அவர்கள் விதிக்க, அதனை ஏற்றுத் தொண்டரடிப்பொடியானார்.

நந்தவனப் பணி மீண்டும் தொடங்கிற்று. 45 பாசுரங்கள் கொண்ட திருமாலையும், 10 பாசுரங்கள் கொண்ட திருப்பள்ளியெழுச்சியும் அவர் அருளியவை. இரண்டும் அரங்கன் ஒருவனுக்கே உரியவை. தேவதேவியும் தன் செல்வம் அனைத்தையும் அரங்கனுக்குச் சமர்ப்பித்துக் கைங்கரியத்தில் ஈடுபட்டாள் என்பர்.